சுனாமிக்குப் பிறகு கடலுக்குப் போகாத அப்பா – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

சுனாமி வந்தபோது எனக்கு ஆறு வயது. அப்பாவும் சித்தப்பாவும் கரையில்தான் நின்றிருந்தார்கள். சித்தப்பாவின் மகள் போய்விட்டாள்; எங்கள் வீட்டில் எல்லோரும் பிழைத்தோம். சித்தப்பா மறு வருஷமே தொழிலுக்குப் போய்விட்டார். அப்பா இன்றுவரை போட்டில் ஏறவில்லை, ஐஸ் கம்பெனியில் லோடு ஏற்றுகிறார். டிவியில் புயல் எச்சரிக்கை வந்தால் விடியும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். தூக்கத்தில் கத்துகிறார். “புள்ளையப் பறிகொடுத்தவனே தேறிட்டான், ஒண்ணும் போகாத உனக்கு என்னடா?” என்று அத்தை கேட்கிறார். அப்பாவுக்கு மனசு பலவீனமா? எனக்கும் இது வருமா?

– ஒரு வாசகி, நாகப்பட்டினம் (பெயர் வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மருத்துவன் இல்லை. அப்பாவுக்கு இருப்பது பி.டி.எஸ்.டி.தான் (பேரதிர்ச்சிக்குப் பிறகு சிலருக்கு நீடிக்கும் மனநோய்) என்று கடிதத்தைப் படித்துவிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அத்தையின் கேள்விக்குப் பதில் சொல்லலாம். இழப்பு எவ்வளவோ பாதிப்பும் அவ்வளவுதான் இருக்கவேண்டும் என்று அவர் கணக்குப் போடுகிறார். மனசு அந்தக் கணக்குப்படி நடப்பதில்லை.

அமெரிக்காவில் 1995இல் வெளியான பெரிய கணக்கெடுப்பு ஒன்றில், நூற்றுக்கு 60 ஆண்கள் வாழ்நாளில் ஏதாவதொரு பேரதிர்ச்சியைச் சந்தித்திருந்தார்கள். பி.டி.எஸ்.டி. வந்ததோ நூற்றுக்கு 5 பேருக்கு. பெண்களுக்கு அது இரண்டு மடங்கு. ஒரே அடியில் சிலர் விழுகிறார்கள், பலர் எழுந்துவிடுகிறார்கள். ஏன்? 2000ஆம் ஆண்டில் கிறிஸ் புரூவினும் உடன் ஆய்வாளர்களும் இது பற்றிய 77 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சம்பவத்தின் கடுமைக்கும் பங்கு இருந்தது. அதைவிட எடை காட்டியவை இரண்டு: ஆதரவாக ஆள் இல்லாமை, பிறகு அடுத்தடுத்து வந்த வாழ்க்கை நெருக்கடிகள்.

இதை உங்கள் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மொத்தமாகக் குழிதோண்டிப் புதைத்த நாட்கள் அவை. சடங்குகூட முறையாக நடந்திருக்காது. ஆனாலும் சித்தப்பா வீட்டுக்கு ஊர் வந்திருக்கும். அவர் அழுதபோது யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் அப்பாவிடம் என்ன சொல்லியிருப்பார்கள்? “உன் குடும்பம் தப்பிச்சுது, சாமி புண்ணியம்.” அதற்குமேல் அந்த மனிதர் எங்கே போய் அழுவது? தம்பி மகள் போய்த் தன் பிள்ளை பிழைத்ததே அவருக்கு உறுத்தலாக இருக்கலாம். இது என் ஊகம்தான், தப்பாகவும் இருக்கலாம். ஆனால் “நான் ஏதாவது செய்திருக்கணும்”, “இனி எந்த நேரமும் வரும்” என்று மனம் நடந்ததற்குக் கொடுக்கும் விளக்கம்தான் பழைய ஆபத்தை இன்றைய ஆபத்தாகவே வைத்திருக்கிறது என்கிறார்கள் உளவியல் ஆய்வாளர்கள் ஆங்கே எஹ்லர்ஸும் டேவிட் கிளார்க்கும். வாசலில் விடிய விடிய உட்கார்ந்திருப்பவர் 2004ஐ நினைத்துக்கொண்டிருக்கவில்லை. அவருக்கு அலை இன்று ராத்திரி வரப்போகிறது.

கடலைத் தவிர்ப்பதும் இதில் சேர்த்தி. போகாவிட்டால் அன்றைக்கு நிம்மதி. ஆனால் போனால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் போய்விடுகிறது. கடற்கரை ஊரில் தொழிலுக்குப் போகாத ஆண் என்றால் வருமானத்தோடு மரியாதையும் போகும். அந்த ஆளைப் பார்த்துப் பயந்தாங்கொள்ளி என்றால், ஆதரவு தரவேண்டிய இடத்திலிருந்தே அடி விழுகிறது. அத்தை கெட்டவர் என்று சொல்லவில்லை. அவரும் அதே அலையைப் பார்த்தவர்தானே.

எனக்கும் வருமா என்று கேட்டிருந்தீர்கள். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த இரட்டையரை ஆராய்ந்ததில் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்று என்று தெரிந்தது. அதுவும் நோய் அப்படியே இறங்கி வருகிறது என்று அர்த்தமில்லை. அதிர்ச்சி ஏற்பட்டால் எவ்வளவு எளிதில் பாதிக்கப்படுவோம் என்பதில் ஒரு பங்கு, அவ்வளவே.

அப்பாவை உட்காரவைத்து “அன்னிக்கு என்ன பாத்தீங்க, சொல்லுங்க” என்று கிளறாதீர்கள். சம்பவம் நடந்த கையோடு எல்லோரையும் ஒருமுறை பேசவைத்துவிட்டால் நோய் வராது என்று முன்பு நம்பினார்கள். ஆய்வில் அது பலன் தரவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடிந்தது. பயிற்சி பெற்ற ஒருவர் வாரக்கணக்கில், படிப்படியாகச் செய்யும் உளவியல் சிகிச்சை வேறு. இருபது வருஷம் ஆன பிறகும் அதற்குப் பலன் உண்டு. மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். நேரில் வர அவர் கூச்சப்பட்டால் முதலில் நீங்கள் 14416க்குப் பேசுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. “பைத்தியத்துக்கு வைத்தியமா” என்று அவர் முறுக்கிக்கொண்டால் தூக்கம் வராததைச் சொல்லியே அழைத்துப்போங்கள், பொய்யில்லையே. முடிந்தால் சித்தப்பாவையும் கூட வரச்சொல்லுங்கள்.