சீல் மாற்றியும் ஆயில் நிற்கவில்லையா? முதலில் கிராங்க்கேஸ் அழுத்தத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: என் படகில் இருப்பது 4 சிலிண்டர் டர்போ டீசல் இன்ஜின். சுமார் 4,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. பின்பக்க கிராங்க் சீலை ஒரே வருடத்தில் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. மாற்றிய சில வாரங்களில் ஃபிளைவீல் கூட்டின் அடியில் மறுபடியும் ஆயில். ஐடிலிங்கில் சொட்டுவதில்லை, வேகம் பிடித்து ஓடினால்தான் வருகிறது. சில சமயம் டிப்ஸ்டிக் தானாகவே மேலே எழும்பி நிற்கிறது. இன்ஜின் அறையில் ஆயில் வாடை அடிக்கிறதே என்று போன வருடம் பிரீதர் ஹோஸை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் விட்டுக் கட்டினோம். ‘பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும்’ என்கிறார் மெக்கானிக். பிரித்துவிடலாமா?

பதில்: இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். மூன்றாவது சீலும் வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன: லோடில் மட்டும் ஒழுகுகிறது, டிப்ஸ்டிக் எழும்புகிறது, புது சீல் சில வாரம் தாங்கிவிட்டு அப்புறம் விடுகிறது. கிராங்க்கேஸுக்குள், அதாவது கிராங்க் ஷாஃப்ட் சுழலும் இன்ஜினின் அடிப்பகுதிக்குள், அழுத்தம் ஏறுகிறது. ஏன் ஏறுகிறது என்று தெரியாமல் எந்த சீலைப் போட்டாலும் இதே கதைதான்.

எவ்வளவு நல்ல இன்ஜினாக இருந்தாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கத்தான் செய்யும். அது அளவுக்கு மீறுவதைத்தான் உங்கள் மெக்கானிக் ‘பேக் கம்ப்ரஷன்’ என்கிறார். அந்த வாயு வெளியே போக இருக்கும் ஒரே வழி பிரீதர். அந்த வழி அடைபட்டாலும் சரி, வழி தாங்காத அளவுக்கு வாயு இறங்கினாலும் சரி, உள்ளே அழுத்தம் கூடும். கிராங்க் சீலின் உதடு உள்பக்கம் பார்த்து ஷாஃப்டைப் பிடித்திருப்பது. உள்ளிருந்து அழுத்தம் வந்தால் அது ஷாஃப்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது, சூடாகிறது, சீக்கிரமே தேய்கிறது. புது சீல் முதல் நாளே ஒழுகாமல் சில வாரம் கழித்து ஒழுக இதுவே காரணமாக இருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்தப் பாட்டில். அதன் மூடியில் போதுமான காற்று வழி இருக்கிறதா? ஹோஸின் முனை பாட்டிலில் சேர்ந்த திரவத்துக்குள் மூழ்கியிருக்கிறதா? பிரீதரிலிருந்து வாயு மட்டும் வருவதில்லை, ஆயில் ஆவியும் நீராவியும் சேர்ந்தே வருகின்றன. குளிர்ந்ததும் அவை பாட்டிலுக்குள் வெளுத்த பழுப்பு நிறக் கூழாகத் தேங்கும். ஹோஸ் முனை அதில் 10 செ.மீ. மூழ்கியிருந்தால், உள்ளே இருக்கும் வாயு ஏறத்தாழ 10 செ.மீ. தண்ணீர் உயரத்துக்குச் சமமான அழுத்தத்தோடு தள்ளினால்தான் வெளியே வர முடியும். இன்ஜின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த அழுத்தம் அங்கே இருந்தே தீரும். நல்ல எண்ணத்தில் செய்த வேலைதான், ஆனால் சீலுக்கு அது எதிரி. ஹோஸ் வரும் வழியையும் கையால் தடவிப் பாருங்கள். நடுவில் தொங்கி வளைந்திருந்தால் அந்த வளைவிலும் இதே கூழ் நின்று அடைக்கும். ஒரு படகில் ஹோஸைக் கழற்றிக் கவிழ்த்தபோது அரை டம்ளர் அளவுக்குக் கொட்டியதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் அந்த இன்ஜினில் டேப்பட் கவர் (இன்ஜினின் மேல் மூடி) கேஸ்கெட், சம்ப் கேஸ்கெட், முன் சீல் எல்லாம் மாற்றி முடித்திருந்தார்கள்.

அடுத்து, ஆயில் உண்மையிலேயே பின் சீலிலிருந்துதான் வருகிறதா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். ஒழுகும் ஆயில் கீழ்நோக்கி ஓடும். பெரும்பாலான படகுகளில் இன்ஜின் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் பின்னோக்கியும் ஓடும். டேப்பட் கவரின் பின் மூலையில் கசிந்தாலும் அது ஃபிளைவீல் கூட்டின் அடியில்தான் வந்து சொட்டும். இன்ஜினை டிகிரீசர் போட்டுக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். சந்தேகப்படும் இணைப்புகளின் மேல் டால்கம் பவுடரைத் தூவி, பெல்ட்டும் சுழலும் பாகங்களும் இருக்கும் பக்கம் மட்டும் தவிர்த்து, அரை மணி நேரம் லோடில் ஓட்டுங்கள். நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளையில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் உச்சிதான் உங்களுக்கு வேண்டியது, அது எங்கே போய் முடிகிறது என்பது முக்கியமில்லை. அடியில் சொட்டுவது சிவப்பாக இருந்தால் கியர்பாக்ஸைப் பாருங்கள், பல கியர்பாக்ஸ்களில் சிவப்பு நிற ஏடிஎஃப் என்ற கியர் ஆயில்தான் ஊற்றியிருப்பார்கள்.

இனி அளவெடுக்கும் வேலை. இதற்கு சாதாரண பிரஷர் கேஜ் உதவாது. இங்கே நாம் பார்ப்பது மில்லிமீட்டர் தண்ணீர் கணக்கு. 1 பிஎஸ்ஐ என்பதே சுமார் 700 மி.மீ. தண்ணீர். கொத்தனார் மட்டம் பார்ப்பாரே, அந்த மாதிரி ஒளி ஊடுருவும் டியூப் போதும். ஒரு பலகையில் ‘யு’ வடிவில், ஒவ்வொரு பக்கமும் 1 மீட்டர் உயரம் வரும்படி கட்டி, பாதி வரை சாயம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை இன்ஜினுக்கு, இன்னொரு முனை வெளிக்காற்றுக்கு. டிப்ஸ்டிக் குழாயில் இணைப்பது சுலபம்தான், ஆனால் சில இன்ஜின்களில் அந்தக் குழாயின் அடி ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும், அளவு தப்பாகக் காட்டும். பழைய ஆயில் மூடி ஒன்றில் துளை போட்டு நிப்பிள் வைத்து இணைப்பதே என் வழக்கம். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் இடையில் உள்ள மொத்த வித்தியாசம்தான் அழுத்தம். ஒரு பக்கம் எவ்வளவு ஏறியது என்று மட்டும் பார்த்தால் பாதிதான் கிடைக்கும்.

டியூபை நீளமாக விட்டுப் பலகையை இன்ஜின் அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள், ஓடும் இன்ஜின் மேல் யாரும் குனிய வேண்டியிருக்காது. ஒருவர் படகை ஓட்ட, இன்னொருவர் டியூபைப் பார்க்கட்டும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங், நடு வேகம், முழு லோடு என மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கரையில் நியூட்ரலில் ரேஸ் செய்து எடுக்கும் அளவை நான் நம்புவதில்லை, லோடு இல்லாமல் ரிங் தன் குறையைக் காட்டாது. அனுமதிக்கப்பட்ட எல்லை இன்ஜினுக்கு இன்ஜின் மாறும் என்பதால் உங்கள் இன்ஜின் கையேட்டில் உள்ள எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

இந்த மூன்று அளவுகளையும் இரண்டு தடவை எடுங்கள். முதல் தடவை பாட்டிலோடு, இப்போது இருப்பது இருக்கிறபடியே. அடுத்த தடவை பிரீதர் ஹோஸை இன்ஜினிலேயே கழற்றி, வாயை ஒரு துணியால் லேசாக மறைத்துவிட்டு. இரண்டாவது தடவை எண் சட்டென்று இறங்கினால் குற்றவாளி ஹோஸும் பாட்டிலும்தான். இறங்கவில்லையென்றால் டேப்பட் கவருக்குள் இருக்கும் பிரீதர் வலையைக் கழற்றிக் கழுவுங்கள், வருடக்கணக்கில் தொடாத வலை தார் பிடித்தது போல் இருக்கும். அப்படியே ஆயில் மட்டத்தையும் பாருங்கள். சாய்ந்து நிற்கும் இன்ஜினில் டிப்ஸ்டிக் குறி பொய் சொல்லலாம். மட்டம் அதிகமானால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். ஊற்றாமலே மட்டம் ஏறி, டீசல் வாடையும் அடித்தால் டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆயில் வெளுத்திருந்தால் கடல்நீர் கலந்திருக்கலாம். அப்போது மற்ற வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு முதலில் ஆயிலை மாற்றி, தண்ணீர் வரும் வழியை அடைத்துவிடுங்கள்.

வலையும் சுத்தம், ஹோஸும் சுத்தம், அழுத்தம் மட்டும் குறையவில்லை என்றால் மெக்கானிக் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அப்போதும் உடனே பிரிக்கத் தேவையில்லை. டர்போவின் ஆயில் திரும்பும் குழாயையும் ஷாஃப்ட் ஆட்டத்தையும் பாருங்கள், தேய்ந்த டர்போ சீல் வழியாகவும் காற்று கிராங்க்கேஸுக்குள் இறங்கும். பழைய மாதிரி மெக்கானிக்கல் பம்ப் உள்ள இன்ஜின் என்றால், ஐடிலிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டாகத் தளர்த்தி டியூபைக் கவனியுங்கள். எந்த சிலிண்டரைத் துண்டிக்கும்போது தண்ணீர் மட்டம் தெளிவாக இறங்குகிறதோ அங்கேதான் கோளாறு. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் இதைச் செய்யவே கூடாது. அதில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல் போகும், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

எந்தக் காரணம் கொண்டும் பிரீதர் ஹோஸைச் சும்மா ஏர் இன்டேக்கில் செருகிவிடாதீர்கள். ஆயில் அளவுக்கு மேல் உறிஞ்சப்பட்டால் டீசல் இன்ஜின் அந்த ஆயிலிலேயே ஓடத் தொடங்கிவிடும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. வாடைதான் தொல்லை என்றால் உங்கள் இன்ஜினுக்கென்று உள்ள ஆயில் பிரிக்கும் ஃபில்டரை வாங்கிப் போட்டு, அதன் எலிமென்ட்டைக் கணக்கு வைத்து மாற்றுங்கள்.

ஓவர்ஹால் என்று முடிவு கட்டுமுன் இன்னொன்று. மணிக்கணக்கில் ஐடிலிங்கில் பேட்டரி சார்ஜ் செய்யும் இன்ஜினில் கார்பன் சேர்ந்து ரிங் ஒட்டிக்கொள்வது உண்டு. உங்கள் பழக்கம் அதுவானால், ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டு, கையேடு அனுமதிக்கும் லோடில் சில பயணங்கள் ஓட்டி மறுபடியும் அளந்து பாருங்கள். ரிங் விடுபட்டால் எண் இறங்கும். லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) பளபளத்துப் போயிருந்தாலோ ரிங் தேய்ந்திருந்தாலோ இறங்காது. கம்ப்ரஷன் டெஸ்டும் அதையே சொன்னால் அன்றைக்குப் பிரியுங்கள்.

சீல் மாற்றுவதை அழுத்தம் சரியான பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். இரண்டு சீல் தேய்ந்த இடம், நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கலாம். சிக்கினால் ஸ்லீவ் போட வேண்டும், அல்லது இடம் கொடுத்தால் சீலைச் சற்றுத் தள்ளி உட்கார வைக்க வேண்டும். அதுவரை இன்ஜினுக்கு அடியில் ஆயில் உறிஞ்சும் பாய் போட்டு வையுங்கள், படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் அந்த ஆயிலைக் கடலில் தள்ளிவிடாமல் இருக்கும்.