பெடல் இறுகினால் உடனே பூஸ்டரை மாற்றாதீர்கள்: பழைய கார் பவர் பிரேக் கேள்வி-பதில்

பழைய பெட்ரோல் கார். பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிவிட்டது. பூஸ்டரை (மிதியின் பலத்தைக் கூட்டித் தரும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (பாலக்கோடு)

இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். பூஸ்டரை இயக்குவது வேக்குவம், அதாவது காற்றை இழுத்தெடுத்த வெறுமை; உள்ளே மிச்சமிருக்கும் அது தீர்ந்து பெடல் இறுகும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் உதவுகிறது என்று அர்த்தம். அசையவே இல்லையா? அப்போதும் பூஸ்டரைக் கழற்ற வேண்டாம்.

இன்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வரும் வேக்குவம் ஹோஸைப் பூஸ்டர் பக்கம் கழற்றி, ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) அதன் வாயை விரலால் அடைத்துப் பாருங்கள். விரலைப் பலமாக இழுக்க வேண்டும்; கேஜ் மாட்டினால் நல்ல இன்ஜினில் ஏறக்குறைய 18 முதல் 22 அங்குலம் (பாதரச அளவில்) வேக்குவம் காட்டும். இழுப்பு இல்லையென்றால் முதல் சந்தேகம் ஹோஸ் மேல்தான். கிளிப் பிடிக்கும் இடத்தில் வெடித்திருக்கும். சில ஹோஸ் வெளியே புதுசு போலிருக்கும். உள்ளே ரப்பர் ஊறி வழியை அடைத்திருக்கும். அடுத்தது ஒன்வே வால்வு. பூஸ்டர் பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், இன்ஜின் பக்கமிருந்து ஊதினால் போகவே கூடாது. இரண்டும் சரியாக இருந்தும் பெடல் இறங்காவிட்டால்தான் பூஸ்டர் செலவு.

ஹோஸ் மாற்றும்போது சாதாரண தண்ணீர்க் குழாயை வெட்டி மாட்டாதீர்கள். வேக்குவத்தில் அது சப்பி ஒட்டிக்கொள்ளும்.

பெடலை மிதித்தால் 'உஸ்ஸ்' சத்தம், ஐடிலிங்கும் தடுமாறுகிறது. (ஊத்தங்கரை)

மிதித்த நொடியில் லேசாகக் கேட்பது இயல்பு. மிதித்தபடி வைத்திருக்கும்போதும் சத்தம் நிற்காவிட்டால் பூஸ்டருக்குள் டயாஃப்ரமோ (ரப்பர் தடுப்பு) வால்வோ போய்விட்டது. பூஸ்டரை மாற்றுங்கள்.

டீசல் காருக்கும் இதே சோதனைதானா? (ஓசூர்)

பெடல் சோதனை அதேதான். ஆனால் டீசலில் மேனிஃபோல்டு இழுப்பு போதாது. தனி வேக்குவம் பம்ப் இருக்கும். பல பழைய வண்டிகளில் அது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும், இன்ஜின் ஆயிலில்தான் ஓடும். ஆயில் வரும் மெல்லிய குழாய் அடைத்தால் பம்ப் தேய்ந்துபோகும்.

பிரேக் ஆயில் குறைகிறது, எங்கும் ஒழுகலைக் காணோம். (தர்மபுரி)

பிரேக் பேடு தேயத் தேய லெவல் மெதுவாக இறங்கும். அது கோளாறு இல்லை. வேகமாகக் குறைந்தால், மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடிக்கும் நட்டுகளைத் தளர்த்தி, இரண்டும் சேரும் இடத்தை விரலால் தடவுங்கள். ஈரமிருந்தால் பின் சீல் போய், ஆயில் பூஸ்டருக்குள் இறங்குகிறது. டயாஃப்ரத்தையும் அது கெடுக்கும். அங்கே காய்ந்திருந்தால் பின் டிரம்மைக் கழற்றி, சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கி ஈரமிருக்கிறதா என்று பாருங்கள்.

தொப்பூர் கணவாய் இறங்கும்போது பெடல் தளர்ந்து தரையைத் தொடுகிறது. வண்டி ஆறினால் சரியாகிவிடுகிறது. பூஸ்டர் கோளாறா? (கிருஷ்ணகிரி)

இல்லை. பூஸ்டர் போனால் பெடல் இறுகும், தளராது. இங்கே பிரேக் ஆயில் கொதிக்கிறது. புது டாட் 3 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஈரம் உறிஞ்சியது 140-லேயே ஆவியாகும். ஆவி அமுங்கிவிடுவதால் மிதியின் பலம் சக்கரத்துக்குப் போவதில்லை. பழைய ஆயிலை முழுக்க இறக்கி, சீல் உடைக்காத டப்பாவிலிருந்து ஊற்றி, நான்கு சக்கரத்திலும் பிளீடிங் (குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுவது) செய்யுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். இறக்கத்துக்கு முன்பே இரண்டாவது அல்லது மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள்.

பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அணைத்த பிறகு பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வேக்குவம் இருக்கும். அதன்பின் மொத்த வண்டியையும் உங்கள் கால் பலம் ஒன்றுதான் நிறுத்த வேண்டும்.