400 பேர் விருந்துக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். எனக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்த்து மாதம் 26,000 ராண்ட் கைக்கு வருகிறது. சேமிப்பு 42,000. கல்யாணம் வரும் வைகாசியில். இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது, மாதம் 3,000 ஒதுக்க முடியும். ஆயாவும் மாமாமார்களும் 400 பேரைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்கிறார்கள். கேட்டரிங்காரர் ஆளுக்கு 140 ராண்ட், ஹால் 18,000, மண்டப அலங்காரம் 25,000 என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. துணி, தாலி, ஐயர், மேளம் எல்லாம் இன்னொரு 30,000. 60,000 பர்சனல் லோன் போடலாம் என்கிறார் மாப்பிள்ளை. எனக்குக் குப்பை குவியாத கல்யாணம் வேண்டும். ஆனால் பாக்குமட்டைத் தட்டு, விதை பதித்த காகித அழைப்பிதழ் எல்லாமே விலை கூடுதல். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கடனைப் பார்ப்போம். 60,000 ராண்டை ஆண்டுக்கு 24% வட்டியில் 36 மாதத்துக்கு வாங்கினால் தவணை மாதம் 2,354. சட்டம் அனுமதிக்கும் உச்ச சேவைக் கட்டணம், வாட் சேர்த்து, மாதம் 69. ஆக மாதம் 2,423, மூன்று வருடத்தில் 87,200க்கு மேல். தொடக்கக் கட்டணமும் ஆயுள் காப்பீடும் இதில் சேரவில்லை. இப்போது மாதாமாதம் சேர்க்கும் 3,000இல் பெரும்பகுதி மூன்று வருடம் அந்த ஒரு நாள் விருந்துக்கே போய்விடும். வேண்டாம்.

உங்களிடம் கல்யாணத்தன்று இருக்கப்போவது 42,000 + 27,000 = 69,000. அதற்குள் அடக்க முடியும். குப்பையும் குறையும். இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: ஆள் எண்ணிக்கை. பச்சை முத்திரை குத்திய பொருளை வாங்கினால் செலவு கூடும். வாங்குவதையே குறைத்தால்தான் செலவும் குப்பையும் சேர்ந்து இறங்கும். 400 பேருக்குச் சாப்பாடு 56,000. 180 பேருக்கு 25,200. இந்த ஒரு முடிவில் 30,800 மிச்சம். வேறு எந்த ஒரு சிக்கனமும் தனியாக இதன் அருகில் வராது.

ஆயாவிடம் இதைச் சொல்வது எப்படி என்பது நிதி ஆலோசகர் வேலை இல்லை, ஆனால் எண்ணிக்கை எங்கே ஊதுகிறது என்று சொல்லலாம். நம்மவர்கள் ‘குடும்பத்துடன்’ என்று எழுதிக் கார்டு வைக்கிறார்கள். 70 கார்டு 350 பேராக வந்து நிற்கும். அழைப்பில் பெயரையும் இருக்கை எண்ணிக்கையையும் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதிலை ஒரே ஆள் ஒரே நோட்டில் குறிக்கட்டும். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு பதில் சொல்லாத வீடுகளுக்கு ஃபோன் போட்டு இறுதி எண்ணை முடித்துவிடுங்கள். சாமி முன்னால் வைக்கவும் பெரியவர்களுக்குக் கொடுக்கவும் மஞ்சள் குங்குமம் வைத்த கார்டு இருபது அச்சடித்தால் போதும். விதைக் காகிதம் தேவையே இல்லை. அக்கம்பக்கத்தாரையும் கோயில் குழுவினரையும் முந்தின நாள் நலங்குக்கு அழைத்து, வடையும் சோஜியும் டீயும் கொடுத்து கௌரவமாக அனுப்பலாம்.

இனி என் கணக்கு. இவை சந்தை விலை அல்ல, உங்கள் 69,000க்கு நான் போடும் உச்சவரம்பு: சாப்பாடு 25,200, கோயில் மண்டபம் அல்லது நகராட்சி ஹால் 8,000, அலங்காரம் 6,000, துணியும் தாலியும் 15,000, ஐயர், மேளம் 5,000, திருமண ஒப்பந்தம் 2,500 (இதைப் பற்றிக் கீழே), எதிர்பாராத செலவுக்கு 6,000. மொத்தம் 67,700. ஒவ்வொரு கொட்டேஷனிலும் ‘15% வாட் உட்பட’ என்று எழுதி வாங்குங்கள். 25,000 என்று சொன்னது பில்லில் 28,750 ஆவது இதனால்தான். முன்பணம் கட்டும்போது, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முன்பதிவை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு, அவர்கள் நியாயமான தொகையை மட்டுமே பிடிக்கலாம்.

சமையலில்தான் பணமும் குப்பையும் அதிகம் கசியும். சைவச் சாப்பாட்டுக்கு ஆளுக்குப் பச்சரிசி 100 கிராம், பருப்பு 30 கிராம், காய்கறி எல்லாம் சேர்த்து 250 கிராம். 180 பேருக்கு அரிசி 18 கிலோ, பருப்பு ஐந்தரைக் கிலோ, காய் 45 கிலோ. இதைக் கேட்டரிங்காரரிடம் சொல்லிவிட்டு, அதற்கு மேல் எவ்வளவு போடுகிறார் என்று கேளுங்கள். பலர் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று நாலில் ஒரு பங்கு கூடுதலாகப் பொங்குவார்கள், அதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். ஏழு கறி வேண்டுமென்றால் வையுங்கள், ஒவ்வொன்றின் அளவையும் குறைத்துக்கொள்ளுங்கள். பஃபே வைத்தால் தட்டில் மிச்சம் விழும். பந்தி போட்டுப் பரிமாறினால் கேட்டவருக்கு மட்டும் போகும். குப்பைமேட்டுக்குப் போகும் சோறு காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவாகிறது. கிளேர் எஸ்டேட் பிசாசர் ரோடு குப்பைமேட்டில் அந்த வாயுவைக் குழாய் போட்டு எடுத்து மின்சாரமே தயாரித்தார்கள். அந்த நாற்றத்தோடு வாழ்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். மிஞ்சுவதை, சூடு ஆறத் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆவதற்குள் ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு அனுப்பிவிடுங்கள். நம் வீடுகளில் அந்த டப்பாவுக்குப் பஞ்சமா என்ன!

பாக்குமட்டைத் தட்டு கப்பலில் வருகிறது. அதற்கு நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? வாழையிலை போதும். ஒரு முழு இலையில் மூன்று துண்டு தேறும். கிழிசலுக்குச் சேர்த்து 200 துண்டு வேண்டும், அதாவது 67 இலை. ஒரு மரத்தில் அதிக இலை வெட்டினால் குலை சிறுத்துவிடும், மரத்துக்கு இரண்டு என்று வைத்தால் 34 மரம் தேவைப்படும். குலை வெட்டி முடிந்த மரத்தில் எல்லா இலையையும் எடுக்கலாம் என்பதால், டொங்காட்டிலோ தென்கரையிலோ தோட்டம் வைத்திருக்கும் உறவினரிடம் குலை வெட்டும் நாளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கடற்காற்று கிழித்த இலையில் ரசம் நிற்காது. காற்று மறைவில் இருக்கும் மரமாகப் பாருங்கள். முந்தின நாள் மாலை வெட்டி, துடைத்து, சிறு சிறு கட்டாக ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். பெரிய கட்டாக அடுக்கினால் உள்ளே சூடேறி மஞ்சளாகிவிடும். சாப்பிட்ட இலை அப்படியே எருக்குழிக்குப் போகும். ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று விற்பதை நம்பாதீர்கள். அதில் பெரும்பாலானவை 60 டிகிரி அளவு வெப்பம் உள்ள ஆலை எருக்கிடங்கில்தான் மக்கும், வீட்டுக் குழியில் அப்படியே கிடக்கும்.

தண்ணீர்: ஆளுக்கு இரண்டு சின்னப் பாட்டில் என்றால் 360 பாட்டில். கோயிலில் ஸ்டீல் டம்ளரும் ஜக்கும் இருந்தால் அதுவே போதும். ஆனால் டர்பனில் குழாய் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டொங்காட் மாதக்கணக்கில் தவித்தது. ஹாலில் ஜோஜோ டாங்க் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) இருக்கிறதா, அது நிரம்பியிருக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுங்கள்.

அலங்காரத்தில் பூவைச் செருகி வைக்கும் அந்தப் பச்சை நுரைக் கட்டி பிளாஸ்டிக், மக்காது. மணலும் கிண்ணமும் போதும். வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம், அரிசிமாக் கோலம். செண்டுமல்லி விதை போட்டுப் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் பூக்கும். மாசிக் கடைசியில் விதைத்தால் வைகாசிக்கு மாலைக்கே பூ கிடைக்கும். வைகாசி தேர்ந்தெடுத்தது நல்லது. டர்பனில் அது மழை குறைந்த காலம், ஃபேனுக்கும் பந்தலுக்கும் கூடுதல் வாடகை கேட்க மாட்டார்கள், சாப்பாடும் சீக்கிரம் கெடாது.

சேர்க்கும் பணத்தை 32 நாள் நோட்டீஸ் கணக்கில் போடுங்கள், பங்குச் சந்தைப் பக்கம் போக வேண்டாம். 2024 ஏப்ரல் முதல் வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 1,00,000 ராண்ட் வரை பாதுகாக்கிறது. பணம் எடுக்கும் தேதிக்கு 32 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க மறக்காதீர்கள். மொய் வரும் என்று நம்பி எதற்கும் கையெழுத்துப் போட வேண்டாம்.

கடைசியாக, திருமண ஒப்பந்தத்துக்கு ஒதுக்கிய அந்த 2,500. ஐயர் பதிவு பெற்ற திருமண அதிகாரியா என்று கேளுங்கள். இல்லையென்றால் தாலி கட்டியும் சட்டப்படி கல்யாணமாகாது, ஹோம் அஃபேர்ஸில் (உள்துறை அலுவலகத்தில்) தனியாகப் பதிய வேண்டும். முன் ஒப்பந்தம் இல்லாமல் பதிந்தால் நீங்கள் இருவரும் பொதுச் சொத்துடைமையில் சேருவீர்கள், அதாவது இருவர் சொத்தும் கடனும் ஒன்றாகிவிடும்; கல்யாணத்துக்கு முன் அவர் வாங்கிய லோனும் உங்கள் கடனாகும். ஒப்பந்தம் நோட்டரி முன் கையெழுத்தாகி மூன்று மாதத்துக்குள் பத்திரப் பதிவகத்தில் பதிவாக வேண்டும். பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: மெடிக்கல் எய்டுக்காகவோ (மருத்துவச் செலவுத் திட்டம்) விசாவுக்காகவோ ஹோம் அஃபேர்ஸில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டு, கோயில் கல்யாணத்துக்கு முன் ஒப்பந்தம் போதும் என்று நினைப்பது. சட்டம் பார்ப்பது முதல் கையெழுத்தை. அதற்குப் பிறகு மாற்ற உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அந்தச் செலவு 2,500இல் முடியாது. நோட்டரியை இந்த மாதமே பாருங்கள், ஹாலுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால்.