அமெரிக்க அரசைக் கார்ப்பரேட்டுகள் ஆட்டிவைக்கின்றன என்பது லிபரல்களின் வெற்றுப் புலம்பல்தானே? ஏன் குடியரசுக் கட்சியை மட்டும் திட்டுகிறீர்கள்?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் குறிப்பையும் படித்தேன். டெக்சாஸில் இருக்கிறீர்கள், மாநில வருமான வரி இல்லை, ரோடு நன்றாக இருக்கிறது, இங்கே குறை சொல்கிறவர்கள் எல்லாம் டிவி பார்த்துக் கெட்டுப்போனவர்கள் என்கிறீர்கள். எச்1பி-யில் வந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள், அந்தக் காலத்தில் நானும் செய்தியே பார்த்ததில்லை. ஓட்டு இல்லாத ஊரில் அரசியல் எதற்கு என்று இருந்தேன்.

கமெண்டில் வரப்போவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். நான் ஜனநாயகக் கட்சிக்காரி இல்லை. உள்ளூர்த் தேர்தலில் குடியரசுக் கட்சி ஆளுக்கும் ஓட்டுப் போட்டிருக்கிறேன். துப்பாக்கி, கருக்கலைப்பு, எல்லைச் சுவர் எதைப் பற்றியும் இங்கே பேசப்போவதில்லை. என் வீட்டுக் கரண்ட் பில்லைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன்.

நாங்கள் இருப்பது ஓஹியோவில், ஆக்ரான் பக்கத்து ஊர் ஒன்றில். இந்த மாநிலத்தின் சட்டமன்றத்தில் 2019-ல் ஹவுஸ் பில் 6 என்று ஒரு சட்டம் வந்தது. ஈரி ஏரிக்கரையில் டேவிஸ்-பெஸ்ஸி, பெர்ரி என்று இரண்டு அணுமின் நிலையங்கள் இருக்கின்றன. அவை நஷ்டத்தில் ஓடுகின்றன, மூடிவிட்டால் வேலை போகும் என்று சொல்லி, மாநிலத்தில் கரண்ட் பில் கட்டுகிற எல்லோரிடமும் மாதாமாதம் ஒரு தொகை வசூலித்து, வருடத்துக்கு 15 கோடி டாலர் கொடுக்க ஏற்பாடு. அதோடு இரண்டு பழைய நிலக்கரி நிலையங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். யுரேனியம் செறிவூட்டும் ஆலைக்கு மின்சாரம் கொடுப்பதற்காக 1950-களில் கட்டியவை அவை. இரண்டில் ஒன்று ஓஹியோவிலேயே இல்லை, பக்கத்து மாநிலமான இந்தியானாவில் இருக்கிறது. மொத்த உதவி 130 கோடி டாலருக்குப் பக்கம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். போதாக்குறைக்கு, சூரிய மின்சாரம், காற்றாலைக்கு மாநிலம் வைத்திருந்த இலக்கையும் அதே சட்டத்திலேயே குறைத்தார்கள்.

சந்தை தானே பார்த்துக்கொள்ளும், நஷ்டத்தில் ஓடுகிறதை அரசு தாங்கக் கூடாது என்று மேடைக்கு மேடை சொல்கிற குடியரசுக் கட்சிதான் ஓஹியோவில் இரு அவைகளிலும் பெரும்பான்மை. அவர்களில் சிலர் இந்தச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள், அவர்களுக்கு என் மரியாதை. ஆனால் சபாநாயகர் லாரி ஹவுஸ்ஹோல்டர் பிடித்த பிடியில் நின்றார். ஜூலை மாதம் சட்டம் நிறைவேறிய கையோடு கவர்னர் மைக் டிவைன் கையெழுத்தும் போட்டார்.

ஓஹியோவில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. சட்டமன்றம் போட்ட சட்டம் பிடிக்கவில்லை என்றால், 90 நாளுக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வாக்காளர்களின் கையெழுத்தைச் சேகரித்துப் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுபோகலாம். இந்த முறை இரண்டரை லட்சத்துக்கும் மேலே வேண்டியிருந்தது. மனுவின் வாசகத்துக்கு ஒப்புதல் வாங்குவதிலேயே பல வாரம் போய்விட்டது. அப்புறம்தான் இளைஞர்கள் அட்டையும் பேனாவுமாகத் தெருவுக்கு வந்தார்கள்.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டு டிவியில் ஒரே விளம்பரம். சீன அரசு நம் மின்கட்டமைப்புக்குள் நுழையப் பார்க்கிறது, யாராவது வந்து கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள், உங்கள் விவரம் சீனாவுக்குப் போய்விடும் என்கிற தொனி. சீன அரசு வங்கி ஒன்று ஓஹியோவின் சில எரிவாயு மின்நிலையங்களுக்குக் கடன் கொடுத்திருந்தது. அந்த ஒற்றை நூலைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பெரிய கயிறு திரித்தார்கள். தபாலிலும் அதே சிவப்புக் கொடி அட்டை வரும். அடியில் பொடி எழுத்தில் ஓர் அமைப்பின் பெயர் இருக்கும். கேட்டால் ஏதோ நுகர்வோர் சங்கம் மாதிரி இருக்கும். பணம் யாருடையது என்று எங்கே தேடினாலும் கிடைக்காது.

ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போயிருந்தேன். வாசலில் கல்லூரிப் பெண் ஒருத்தி கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஓரடி தள்ளி ஒரு பையன் செல்போனைத் தூக்கிப் பிடித்து அவளைப் படமெடுத்துக்கொண்டே நிற்கிறான். சட்டையில் எந்த அமைப்பின் பெயரும் இல்லை. நான் அட்டையை வாங்கியதும் கேமரா என் பக்கம் திரும்பியது. "இதில் கையெழுத்துப் போட குடியுரிமை வேண்டும், தெரியுமா? உனக்கு இருக்கிறதா?" என்றான்.

எனக்கு முன்னால் வெள்ளைக்காரத் தம்பதி இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார்கள். அவர்களிடம் சீனாவைப் பற்றித்தான் பேசினான். குடியுரிமைக் கேள்வி எனக்கு மட்டும். கிரீன் கார்டுக்குக் காத்திருந்து, அதற்கப்புறம் இன்னும் காத்திருந்து, கை உயர்த்தி உறுதிமொழி எடுத்து வாங்கிய ஓட்டு அது. மகள் என் துப்பட்டாவைப் பிடித்து இழுக்கிறாள், "அம்மா, போலாம்மா" என்று. பேரை முழுசாக, தகப்பனார் பேர் சேர்த்து, கட்டத்துக்கு வெளியே வழிய வழிய எழுதினேன். அந்தப் பெண்ணின் கை மட்டும் கொஞ்சம் நடுங்கிக்கொண்டிருந்தது, பாவம்.

இயக்கம் தோற்றுப்போனது. கையெழுத்துப் பத்தவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா. டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வாசலில் டிரம்ப் கொடி, குளிர்காலம் வந்தால் மான் வேட்டை. எங்கள் வீட்டுப் பனியையும் சேர்த்து வாரிப் போடுகிற மனுஷர். அவர் அந்த வருடம் இன்னொரு மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார். சீனாவை மின்கட்டமைப்புக்குள் விடாதே என்கிற மனு. சட்டத்தை ஆதரித்தவர்கள் சுற்றுக்கு விட்டது அது. அதற்குச் சட்டப்படி ஒரு மதிப்பும் கிடையாது. மக்களைக் குழப்புவதற்கென்றே அச்சடித்தது.

2020 ஜூலையில் எஃப்பிஐ சபாநாயகரைக் கைது செய்தது. வெளியே வந்த கதை இதுதான். ஃபர்ஸ்ட்எனர்ஜி என்கிற மின் நிறுவனத்திடமிருந்து சுமார் 6 கோடி டாலர் 'ஜெனரேஷன் நவ்' என்கிற அமைப்புக்குப் போயிருக்கிறது. நன்கொடை கொடுத்தவர் பெயரை வெளியிடத் தேவையில்லாத வகை அமைப்பு. அந்தப் பணத்தில் ஹவுஸ்ஹோல்டர் தன் ஆட்களைத் தேர்தலில் ஜெயிக்கவைத்து, சபாநாயகராகி, சட்டத்தை நிறைவேற்றி, கையெழுத்து இயக்கத்தையும் உடைத்தார். சொந்தக் கடனையும் கொஞ்சம் அடைத்துக்கொண்டார், ஃபுளோரிடா வீட்டைப் பழுது பார்த்துக்கொண்டார். 6 கோடி போட்டு 130 கோடி. நிறுவனம் 2021-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 23 கோடி டாலர் அபராதம் கட்ட உடன்பட்டது. கட்டணத்தை நிர்ணயிக்கிற மாநில ஆணையத்துக்குத் தலைவராகப் போகிறவருக்கு 43 லட்சம் டாலர் கொடுத்ததையும் ஒப்புக்கொண்டது. ஹவுஸ்ஹோல்டருக்கு 2023 ஜூனில் 20 வருடச் சிறை. கட்சியின் முன்னாள் மாநிலத் தலைவர் ஒருவருக்கு 5 வருடம்.

2020-ல் கைதுச் செய்தி வந்த அன்று தாத்தா வேலி ஓரமாக வந்து நின்றார். ஃபர்ஸ்ட்எனர்ஜியின் தலைமை அலுவலகம் எங்கள் ஆக்ரானில்தான் இருக்கிறது. "சீனாக்காரன் சீனாக்காரன்னாங்களே, கடைசியில நம்ம ஊர் ஆளுங்கதானா?" என்றார். என்னைவிட அவருக்குத்தான் கோபம் அதிகம். அதே நவம்பரில், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, ஹவுஸ்ஹோல்டர் தன் தொகுதியில் மறுபடி ஜெயித்தார். சட்டமன்றம் அவரை வெளியேற்றியது 2021 ஜூனில்தான்.

அணுமின் நிலையப் பணத்தை நீதிமன்றம் தடுத்தது, 2021-ல் அந்தப் பகுதியை ரத்தும் செய்தார்கள். நிலக்கரி நிலையங்களுக்கான பணம்? அது பாட்டுக்குப் போய்க்கொண்டேயிருந்தது. என் பில்லில் அது தனி வரியாகக்கூட இல்லை, டெலிவரிக் கட்டணத்துக்குள் கரைந்திருந்தது. 2025 மே மாதம் இன்னொரு சட்டம் வந்த பிறகுதான் அதற்கு முடிவு. லஞ்சம் கொடுத்து வாங்கிய சட்டம் என்று நீதிமன்றத்தில் நிரூபணமான பிறகும் நாங்கள் கட்டிக்கொண்டிருந்தோம் ஐயா. வெற்றுப் புலம்பல் என்கிறீர்கள்.

சரி, எதிர்ப்பக்கத்தையும் நானே சொல்கிறேன். ஹவுஸ்ஹோல்டர் சபாநாயகரானதே ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் போட்ட ஓட்டால்தான். இல்லினாயில் இதே போல மின் நிறுவனத்தோடு சேர்ந்து ஊழல் செய்து 2025-ல் ஏழரை வருடத் தண்டனை வாங்கிய மைக்கேல் மடிகன் ஜனநாயகக் கட்சியின் பழம் பெருச்சாளி. ஹவுஸ்ஹோல்டர் வழக்கைத் தொடுத்த மத்திய அரசு வழக்கறிஞர் டிரம்ப் நியமித்தவர். எல்லாம் உண்மை. பணம் வாங்குவதில் கட்சி பேதம் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனாலும் திட்டுவது ஏன் என்றால், கொடுத்தவர் பெயரை மறைக்கிற ஏற்பாட்டுக்குக் காவல் நிற்பது எந்தக் கட்சி என்று பாருங்கள். 2010 ஜனவரியில் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில், தேர்தல் பிரசாரத்துக்குக் கார்ப்பரேட்டுகள் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்பளித்தது. அந்த ஐவரும் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். பலர் கவனிக்காத விஷயம், யார் பணம் என்று வெளியிடச் சொல்லும் விதி செல்லும் என்று அதே தீர்ப்பில் 8 நீதிபதிகள் சொன்னார்கள். அதாவது செலவழி, ஆனால் பெயரைச் சொல் என்று சட்டம் போடத் தடையே இல்லை. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2010-ல் செனட்டில் 59 ஓட்டு, தேவை 60, நின்றுபோனது. 2022-ல் மறுபடி கொண்டுவந்தார்கள், 49-49. ஆதரித்த குடியரசுக் கட்சி செனட்டர் ஒருவர்கூட இல்லை. பெயர் தெரிந்தால் நன்கொடையாளர்களை மிரட்டுவார்கள் என்பது அவர்கள் வாதம். நூலக வாசலில் நான் நின்றதைப் படமெடுத்தார்களே, என் பெயரும் ஊரும் அந்த மனுவில் பட்டவர்த்தனமாக இருந்ததே, எனக்கு இந்தப் பாதுகாப்பு யார் கொடுத்தார்கள்?

2024-ல் இன்னொன்று. இந்தியானாவில் போர்ட்டேஜ் ஊர் மேயர், நகராட்சிக்குக் குப்பை லாரி விற்ற நிறுவனத்திடமிருந்து பின்னால் 13,000 டாலர் வாங்கினார். வேலை முடிந்த பிறகு சன்மானமாகக் கொடுப்பதை அவர்மேல் போட்ட மத்திய ஊழல் சட்டம் தடுக்கவில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 கணக்கில் தீர்ப்பளித்தது. ஆறு பேரும் யார் நியமித்தவர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் அதே வருடம் உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத்தை ரத்து செய்து, வாங்கியவர் பெயர் பட்டியலையே வெளியிடவைத்தது. நாமெல்லாம் அமெரிக்காவைப் பார்த்து ஜனநாயகம் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் இதையெல்லாம் எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சங்க வாட்ஸ்ஆப் குழுவில் எழுதியபோது, "இங்கே அரசியல் வேண்டாம் சிஸ்டர்" என்று நிறுத்திவிட்டார்கள். சரி, வேண்டாம். ஆனால் பொங்கல் விழாவில் வீட்டுக்கடன் ஏஜென்ட் ஒருவர், 'டைமண்ட் ஸ்பான்ஸர்' என்கிற தகுதியில், மைக்கைப் பிடித்து வட்டி விகிதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருக்கிறார். பரதநாட்டியத்துக்குச் சலங்கை கட்டி நின்ற குழந்தைகள் ஓரத்தில் உட்கார்ந்தே தூங்கிவிட்டன. என் வீட்டுக்காரர் எழுந்து கேட்கப் போனவரைக் கமிட்டி ஆள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். சாப்பாடு வரும்போது சர்க்கரைப் பொங்கல் ஆறி இறுகிக் கிடந்தது. கணக்கு வழக்கைப் பொதுக்குழுவில் வையுங்கள் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. அது தனிக் கதை, இன்னொரு கேள்வியில் எழுதுகிறேன்.

உங்கள் டெக்சாஸுக்கு வருகிறேன். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் அங்கே கரண்ட் போய் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் சில நாள் எரிவாயு விலை ஏற்றத்தில் எனர்ஜி டிரான்ஸ்ஃபர் என்ற குழாய்வழி நிறுவனம் 240 கோடி டாலர் சம்பாதித்தது. சில மாதம் கழித்து அதன் தலைவர் கெல்சி வாரன் கவர்னர் கிரெக் அபட்டின் தேர்தல் நிதிக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தார். இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை, டெக்சாஸில் தனிநபர் கவர்னர் வேட்பாளருக்கு இவ்வளவுதான் கொடுக்கலாம் என்ற உச்சவரம்பே கிடையாது. ஆனால் அவர் தன் பெயரில் கொடுத்தார், அதனால்தான் நீங்களும் நானும் இதைப் பேச முடிகிறது. டெக்சாஸ் எதிக்ஸ் கமிஷன் தளத்தில் உங்கள் தொகுதி உறுப்பினர் பெயரைப் போட்டுப் பாருங்கள், யார் யார் கொடுத்தார்கள் என்று வரும். பட்டியலில் மனிதர் பெயருக்குப் பதில் நீங்கள் கேள்விப்படாத ஓர் அமைப்பின் பெயர் பெரிய தொகையோடு வந்தால், அந்த அமைப்புக்கு யார் கொடுத்தார்கள் என்று தேடிப் பார்த்துவிட்டு மறுபடி இங்கே வந்து எழுதுங்கள்.