சிங்கப்பூரில் நாள் முழுக்க வெயிலில் வேலை. முகம், கை, கழுத்து கறுத்துவிட்டது. எந்த சன்ஸ்கிரீன் போடலாம்?

நீங்கள் எழுதியிருப்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. ரோடு வேலை, காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, பின்கழுத்தில் எரிச்சல், முகத்தில் திட்டுத் திட்டாகக் கருமை, கூட வேலை செய்பவர்கள் "நம்ம தோலுக்கு வெயில் ஒன்னும் பண்ணாது" என்கிறார்கள். நான் இங்கே வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக் மொட்டைமாடிகளில் சோலார் பேனல் பொருத்தும் ஒரு குழுவுக்கு சூப்பர்வைசராக இருக்கிறேன். நிழல் விழாத இடமாகப் பார்த்துத்தான் பேனலையே வைப்பார்கள், அதனால் வெயிலிலிருந்து தோலைக் காப்பது எங்களுக்குத் தினசரிப் பிரச்சினை.

எந்த சன்ஸ்கிரீன் என்று கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். ஆனால் முதலில் துணிக்குச் செலவு செய்யுங்கள், கிரீம் அதற்கு அப்புறம்தான். கணக்குப் போட்டாலே தெரியும். சன்ஸ்கிரீன் பாட்டிலில் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப், அதாவது வெயிலைத் தடுக்கும் அளவு, ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் தடவிப் பார்த்துக் கணக்கிட்டது. அப்படிப் பார்த்தால் முகம், காது, கழுத்துக்கு மட்டும் ஏறக்குறைய அரை டீஸ்பூன், அதாவது 2.5 மில்லி வேண்டும். ஒவ்வொரு கைக்கும் அதே அளவு. வியர்க்கிற வேலை என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போட வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று தடவை என்று வைத்தாலும் 22 மில்லி ஆகிறது. 50 மில்லி ட்யூப் இரண்டே நாளில் காலி. நம் சம்பளத்தில் யார் இப்படி வாங்கிக்கொண்டிருக்க முடியும்? அதனால்தான் பெரும்பாலானவர்கள் ஒரு பட்டாணி அளவு எடுத்துக் காலையில் ஒரு தடவை பூசிவிட்டு, "போட்டேன், ஆனாலும் கறுத்துப் போச்சு" என்கிறார்கள். முழுக்கைச் சட்டை போட்டுவிட்டால் கிரீம் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும்தான், அப்போது அதே ட்யூப் ஒரு வாரம் வரும்.

துணியிலும் வித்தியாசம் இருக்கிறது. மெல்லிய வெள்ளைக் காட்டன் பனியன் போட்டால் காற்றோட்டமாக இருக்கும், ஆனால் புற ஊதாக் கதிரைப் பெரிதாகத் தடுக்காது, வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டால் இன்னும் மோசம். நெருக்கமாக நெய்த பாலியஸ்டர் முழுக்கை ஜெர்சி நல்லது, வியர்வையும் சீக்கிரம் காயும். வாங்கும்போது துணியை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் கதிரும் அந்த வழியாகத்தான் வரும். யூபிஎஃப் என்பது துணிக்கான தடுப்பு அளவு, யூபிஎஃப் 50 என்று லேபிள் போட்ட சட்டை என்றால் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம்தான் உள்ளே போகும். லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் தேடினால் அதிக விலை இல்லாத முழுக்கை ஜெர்சியும் தனியாக மாட்டுகிற ஆர்ம் ஸ்லீவும் கிடைக்கும்.

எங்கள் ஆட்களிடம் நான் முதலில் பார்ப்பது மணிக்கட்டைத்தான். கிளவுஸ் முடிகிற இடத்துக்கும் சட்டைக்கை முடிகிற இடத்துக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு இடைவெளி இருக்கும். குனிந்து கையை நீட்டி போல்ட் முறுக்கும்போது சட்டை மேலே ஏறி அந்த இடைவெளி இன்னும் அகலமாகும். பழைய ஆள் யாருடைய கையையாவது வாங்கிப் பாருங்கள், அந்த இடத்தில் மட்டும் வளையல் போட்ட மாதிரி கறுப்பாக ஒரு பட்டை, தோல் தடித்துச் சுருக்கம் விழுந்திருக்கும். பின்கழுத்தும் அப்படித்தான். ஹெல்மெட்டின் பின்விளிம்புக்கும் சட்டைக் காலருக்கும் நடுவில் உள்ள அந்த நாலு விரல் இடம், குனிந்து வேலை செய்கிற ஒவ்வொரு நிமிடமும் நேராகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு எரிவதும் அங்கேதான். கட்டை விரலை நுழைத்துப் போடுகிற ஸ்லீவ் வாங்கினால் மணிக்கட்டு இடைவெளி அடைபடும். கழுத்துக்கு, ஹெல்மெட்டின் பின்னால் மாட்டுகிற துணி இருக்கிறது, உங்கள் சேஃப்டி ஆளிடம் கேளுங்கள். ஹெல்மெட்டுக்கு உள்ளே சாதாரணத் தொப்பியைத் திணிக்காதீர்கள், ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது. அப்புறம் முக்கியமான விஷயம், கிரைண்டர், கட்டர் மாதிரி சுற்றுகிற மெஷின் பக்கத்தில் கழுத்தில் துண்டைத் தொங்கவிட்டபடி நிற்கவே கூடாது. உடம்போடு ஒட்டியிருக்கிற, நுனி தொங்காத துணிதான் அங்கே சரி.

"நம்ம தோலுக்கு ஒன்னும் ஆகாது" என்பது பாதி உண்மை. நம் தோலில் கறுப்பு நிறம் தரும் மெலனின் அதிகம், அதனால் வெள்ளைக்காரர்கள் மாதிரி அரை மணி நேரத்தில் சிவந்து உரிந்துவிடாது, வெயிலால் வரும் தோல் புற்றுநோயும் நம்மிடையே குறைவு. ஆனால் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை, நமக்கு வராது என்று நினைப்பதாலேயே வந்த பிறகும் தாமதமாகத்தான் டாக்டரிடம் போகிறோம். 2023 நவம்பரில் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஒரு மதிப்பீடு வெளியிட்டன. மெலனோமா (மச்சம் மாதிரி கறுப்பாக வரும் தோல் புற்றுநோய்) அல்லாத தோல் புற்றுநோயால் சாகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, வெயிலில் வேலை செய்ததே காரணம் என்கிறது அது. புற்றுநோயை விடுங்கள், கருந்திட்டு, மங்கு, சீக்கிரம் விழும் சுருக்கம் இதெல்லாம் நம் மாதிரித் தோலுக்குத் தாராளமாக வரும்.

நேரத்தைப் பற்றி ஊரில் பழகிய கணக்கு இங்கே ஒத்துவராது. திருச்சியிலோ தஞ்சாவூரிலோ சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டேகால் வாக்கில். சிங்கப்பூரில் கடிகாரம் சூரியனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால் இங்கே உச்சி வெயில் ஏறக்குறைய மதியம் ஒரு மணிக்கு. நாம் என்ன செய்கிறோம்? பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை சாப்பாடு, சரியாக உச்சி நேரத்தில் திரும்பிப் போய் நிற்கிறோம். பதினொன்றிலிருந்து மூன்று வரை கதிர் மிகக் கடுமை. என் குழுவில் வெட்டவெளி வேலையைக் காலையிலேயே முடிக்கப் பார்ப்போம், வயர் இழுக்கிறது, உள்ளே இன்வெர்ட்டர் ரூம் வேலை எல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு. ரோடு வேலையில் இவ்வளவு சுதந்திரம் இருக்காது என்று தெரியும், ஆனாலும் வேலை தொடங்கும் முன் நடக்கிற காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் கேட்டுப் பாருங்கள், எந்த வேலையை முன்னால் போடலாம் என்று பேசுவதற்கு அதுதான் இடம். சிங்கப்பூர் அரசின் மைஎன்வி ஆப்பில், கதிர் எவ்வளவு கடுமை என்று காட்டும் புற ஊதாக் குறியீடு பகலில் மணிக்கு மணி வருகிறது. 3ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்பது கணக்கு, இங்கே நல்ல வெயில் நாளில் மதியம் 8, 9, 10 எல்லாம் சாதாரணம், 11ஐத் தாண்டுகிற நாளும் உண்டு. ஃபோன் கையில் இல்லையா, உங்கள் நிழலைப் பாருங்கள், நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் மூட வேண்டிய நேரம்.

மேகமாக இருக்கிறதே, காற்று குளுகுளு என்று அடிக்கிறதே என்று ஸ்லீவைக் கழற்றாதீர்கள். சூடும் புற ஊதாக் கதிரும் வேறு வேறு. மெல்லிய மேகத்தைத் தாண்டி அந்தக் கதிரில் பெரும்பங்கு வந்துவிடும், தோலுக்குத்தான் சுடுவது தெரியாது.

சரி, கிரீம். எஸ்பிஎஃப் 30, தோலை எரிய வைக்கும் யூவிபி என்ற புற ஊதாக் கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 என்றால் 98. பெரிய வித்தியாசம் இல்லைதான், ஆனால் நாம் எப்படியும் குறைவாகத்தான் பூசுவோம் என்பதால் 50 வாங்குங்கள். கூடவே பிஏ என்று போட்டு மூன்று அல்லது நாலு கூட்டல் குறி இருக்கிறதா பாருங்கள், கருமைக்கும் சுருக்கத்துக்கும் பெரிய காரணமான யூவிஏ கதிருக்கான அளவு அது. வியர்வையில் கரையாத வாட்டர் ரெசிஸ்டன்ட் வகையாக இருக்கட்டும். ஜிங்க் ஆக்சைடு உள்ள கிரீம் நம் முகத்தில் சாம்பல் பூசிய மாதிரி தெரியும், ஆனால் கண்ணில் வழிந்தால் எரிச்சல் குறைவு. மங்கு இருக்கிறவர்களுக்கு லேசான பழுப்பு நிறம் கலந்த டின்டட் வகை இன்னும் நல்லது, அதில் இருக்கிற அயர்ன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் கொஞ்சம் தடுக்கும், அந்த வெளிச்சமும் மங்கைக் கூட்டும்.

சைட்டில் இரண்டாவது தடவை பூசுவதுதான் கஷ்டம். கையெல்லாம் தாரும் தூசியுமாக இருக்கும்போது அந்தக் கையால் முகத்தில் கிரீம் தேய்த்தால் மண்ணையும் சேர்த்துத் தேய்ப்பதாகிவிடும். இதற்கு ஸ்டிக் வடிவில் வருகிறது, பசைக் குச்சி மாதிரி திருகி எடுத்துக் கை படாமல் மூக்கு, கன்னம், காது மடல், பின்கழுத்து என்று நாலைந்து இழுப்பு. எங்கள் குழுவில் காலையில் டார்மிட்டரியில் கிளம்புவதற்கு முன் கிரீம், டீ பிரேக்கிலும் சாப்பாடு முடிந்ததும் முகத்தைத் துடைத்துவிட்டு ஸ்டிக் என்று பழகிவிட்டோம். ட்யூபை லாரி டேஷ்போர்டில் வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் கெட்டுவிடும். உதட்டுக்கும் எஸ்பிஎஃப் போட்ட லிப் பாம் வேண்டும், காதும் உதடும்தான் எல்லோரும் விட்டுவிடுகிற இடங்கள்.

கண்ணையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வருடக்கணக்கில் வெயில் பட்டால் வெள்ளை விழியிலிருந்து சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறும், கண்புரைக்கும் வெயில் ஒரு காரணம். பாலிகார்பனேட்டில் செய்த சேஃப்டி கண்ணாடி நிறமே இல்லாமல் தெளிவாக இருந்தாலும் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். கம்பெனி கொடுத்ததை நெற்றிக்கு மேல் தூக்கி வைக்காமல் கண்ணில் போட்டாலே போதும்.

சில விஷயங்களை தயவுசெய்து செய்யாதீர்கள். எலுமிச்சம் பழத்தை முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போனால் கொப்புளம் வந்து கருந்தழும்பு நிற்கும், ஜூஸ் பிழிந்த கையைக் கழுவாமல் வெயிலில் வைத்தாலும் இதே கதைதான். தேங்காய் எண்ணெய் தோல் வறட்சிக்கு நல்லது, வெயிலுக்குத் தடுப்பு ஆகாது. ஊருக்குப் போவதற்கு முன் வெள்ளையாக வேண்டும் என்று பெயர் தெரியாத கிரீமை வாங்கித் தடவுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பதறுகிறது. அந்த மாதிரி கிரீம்களில் ஸ்டீராய்டும் பாதரசமும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. முதல் இரண்டு வாரம் பளிச்சென்று தெரியும், தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் வெயிலே தாங்காது. டாக்ஸிசைக்ளின் மாதிரி சில மாத்திரைகளும் தோலை வெயிலுக்குச் சீக்கிரம் எரிய வைக்கும், டாக்டர் மாத்திரை எழுதும்போது வெயிலில் வேலை என்று சொல்லிவிடுங்கள்.

நிழலும் ஓய்வும் முதலாளியின் கருணை என்று நினைத்துத் தயங்க வேண்டாம். 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு கொண்டுவந்த விதிப்படி, வெப்பமும் ஈரப்பதமும் வெயிலும் சேர்த்து அளக்கிற டபிள்யூபிஜிடி 32 டிகிரியைத் தொட்டால், கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு கொடுக்க வேண்டும். உடம்புச் சூட்டுக்காக வந்த விதி இது, ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை நிழலில் உட்கார்ந்து கழித்தால் தோலுக்கும் அது லாபம், ஸ்டிக் பூசவும் அப்போதே நேரம் கிடைக்கும்.

இப்போது வந்திருக்கிற கருமை போகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கையில் இருப்பது முழுக்கை போட ஆரம்பித்த சில மாதங்களில் நன்றாகவே குறையும். முகத்துத் திட்டு மங்காக இருந்தால் அவ்வளவு சுலபமில்லை, டாக்டர் பார்த்து மருந்து கொடுத்தாலும் வெயில் பட்டால் திரும்ப வரும். உங்கள் கம்பெனி வழியாகப் பிசிபி (வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான அடிப்படை மருத்துவத் திட்டம்) இருந்தால் அந்த மெடிக்கல் சென்டரிலேயே முதலில் காட்டுங்கள், தேவைப்பட்டால் மேலே ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்புவார்கள். ஆறாமல் இருக்கிற புண், பெரிதாகிக்கொண்டே போகிற அல்லது ரத்தம் கசிகிற மச்சம், உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோ புதிதாக வந்த கறுப்புக் கோடு இவற்றில் ஏதாவது இருந்தால் லீவு கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல் அந்த வாரமே போய்விடுங்கள். இந்த உள்ளங்கால், நக விஷயம் வெயிலால் வருவதில்லை, ஆனால் நம் மாதிரி நிறக்காரர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. பூட்ஸும் சாக்ஸும் போட்டே இருக்கிற நாம் அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை.