லேட்டரல் என்ட்ரி கொல்லைப்புற வழியா?

வணக்கம் அம்மா. பையன் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கேட்கிறான், தாய்மாமன் "பிறகு லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர்வது கொல்லைப்புற வழி, ஊர் சிரிக்கும்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கவலைப்படாதீர்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்ள முடியவில்லை. மாமா சொல்வது தவறு.

அவர் செய்தியில் பார்த்த லேட்டரல் என்ட்ரி வேறு. 2024 ஆகஸ்டில் யு.பி.எஸ்.சி. 45 பதவிகளுக்கு விளம்பரம் கொடுத்து, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றதே, அது வெளியாட்களை மத்திய அரசின் உயர்பதவிகளில் அமர்த்துவது. உங்கள் பையனுக்கானது, டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர்வது. இதற்கு அரசுக் கலந்தாய்வே உண்டு. தரவரிசைக்கு டிப்ளமோ மதிப்பெண்தான், தனி நுழைவுத்தேர்வு இல்லை.

கணக்குப் போடுங்கள். பிளஸ் டூ 2, பி.இ. 4, மொத்தம் 6 வருஷம். டிப்ளமோ 3, பி.இ. 3, அதுவும் 6. ஆனால் இதில் பாதி வழியிலேயே கையில் ஒரு தொழிற்சான்றிதழ் வந்துவிடும். ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வை அதை வைத்தே எழுதலாம். வீட்டில் நெருக்கடி என்றால் வேலைக்குப் போய்விட்டு அப்புறம்கூடப் படிக்கலாம்.

பம்புசெட் மோட்டாரைப் பிரித்து மாட்டுகிற பையன் என்கிறீர்கள். பாலிடெக்னிக் பட்டறையில் இரும்புத் துண்டை அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்து, இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று தூக்கிப் பார்க்கச் சொல்வார்கள். தெரிந்தால் மறுபடி ராவ வேண்டும். அதில் சலிக்காதவனுக்கு இது சரியான இடம்.

ஒரு சிக்கல் உண்டு. பி.இ. மூன்றாம் செமஸ்டரில்தான் அவன் நுழைவான். மற்றவர்கள் அதற்குள் பிளஸ் டூ கணிதமும் இரண்டு செமஸ்டர் கணிதமும் முடித்திருப்பார்கள். டிப்ளமோவில் கணிதத்தை பாஸ் மார்க்குக்குப் படித்தால் அங்கே திணறுவான். முதல் நாளிலிருந்தே இதைச் சொல்லி வையுங்கள்.

பணம் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். நிலத்தை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கும் திட்டம் வேண்டாம். அவன் கேட்காத படிப்புக்கு, நீங்கள் அடைக்க முடியாத கடன். அரசு பாலிடெக்னிக்கில் வருஷத்துக்குச் சில ஆயிரம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் கிடைக்குமா என்று சேரும்போதே விசாரியுங்கள்.

மாற்றுச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் இந்த வாரமே எடுத்து வையுங்கள். சேர்க்கைக்குப் போகும்போது எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று அவர்கள் கேட்டால் பதிலை அவனே சொல்லட்டும். மாமா கூட வரலாம், பேச வேண்டாம்.