பாறையில் உள்ள சுவட்டு மூலகங்களை எப்படி அளக்கிறார்கள்?

ஒரு கிலோ பாறையில் ஒரு கிராமுக்கும் குறைவாக இருப்பதே சுவட்டு மூலகம். குறைவு என்றாலும் வேலை பெரியது. கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடையில் பார்க்கும் நீலக்கல், அடிப்படையில் நிறமற்ற அலுமினியம் ஒட்சைட்டுதான். அதற்குள் புகுந்த துளி இரும்பும் டைட்டானியமும் சேர்ந்துதான் அந்த நீலத்தைக் கொடுக்கின்றன.

அளக்கும்போது சிக்கலே மிச்சமுள்ள 99 சதவீதம்தான். சிலிக்கன், அலுமினியம் போன்றவை நிறைய இருப்பதால் சிறியதை மூடிவிடும். புறக்கோட்டைச் சந்தை இரைச்சலில் ஒருவர் மெல்லப் பேசினால், ஓரமாக அழைத்துப் போய்த்தானே கேட்க வேண்டும்? இரசாயனப் பிரிப்பு செய்வதும் அதையேதான். பொடித்த கல்லை ஐதரோபுளோரிக் அமிலத்தில் கரைப்பார்கள். அது கண்ணாடியையே அரிக்கும், அதனால் டெஃப்லான் பாத்திரம்தான். அப்புறம் நுண்ணிய பிசின் மணிகள் நிரப்பிய குழாயில் கரைசலை ஊற்றினால், வேண்டிய மூலகம் மணிகளில் ஒட்டி நிற்கும், மற்றவை வடிந்துவிடும். பிறகு வேறு செறிவுள்ள அமிலம் ஊற்றி அதைக் கழற்றி எடுப்பார்கள். பொறுமை வேண்டிய, அழகான வேலை இது.

சரி, அளவு? கரைசலை ஆயிரக்கணக்கான பாகை சூடான ஆகன் பிளாஸ்மாவில், அதாவது மின்னேற்றம் பெற்ற ஆகன் வாயுவில், தெளித்தால், ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளிவிடும். அலைநீளம் எந்த மூலகம் என்று சொல்லும். அளவு தெரிந்த கரைசலோடு பிரகாசத்தை ஒப்பிட்டால் எவ்வளவு என்பதும் தெரியும்.

ஒரு சின்னத் துண்டை அளந்தால் முழுப் பாறைக்கும் அதே அளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. சிர்க்கன் என்ற கனிமத்தின் ஒரே ஒரு மணி யுரேனியத்தைத் தன்னிடம் திரட்டி வைத்திருக்கும் என்பதால், நிறையக் கல்லை உடைத்து, அரைத்து, நன்றாகக் கலந்த பொடியிலிருந்தே மாதிரி எடுக்கிறார்கள்.